குறை எங்கே இருந்தது?

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குச் செல்வோர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்தாக வேண்டும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வழியில் ஐந்து பாலங்கள். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருப்போருக்கு அவை ஐந்து காட்சிகள். வண்டி ஓட்டுவோருக்கோ ஐந்து சோதனைகள். பாலத்தை நெருங்கும்போது வேகம் குறைத்து, எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கி நின்று, மீண்டும் முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டியிருந்த காலம் அது. 1995ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் அவ்வழியில் நிகழ்ந்த ஒன்றை இம்மலரில் எழுத விழைகின்றோம். தமிழ்த்துறை மலரில் காரின் கியரைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் வியக்கலாம். அக்கியர் கற்பித்த பாடம் பின்னாளில் வகுப்பறையில் நமக்குப் பெரிதும் பயன்பட்டமையால், சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அந்நாளில் நம்மிடம் பழைய சிறு கார் ஒன்று இருந்தது. நாம் மூன்றாவது உரிமையாளர். நமக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கொள்ளிடக் கரையை ஒட்டிய நம் சிற்றூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஓட்டுநராக இருந்தார். வயது இருபத்திரண்டு இருக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அறுவடைக் காலத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகியவர். அதிகம் பேசமாட்டார். நாம் அவரைத் ‘தம்பி’ என்போம். அவர் நம்மை ‘ஐயா’ என்பார்.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஊர்ச்சாலை களிமண் சேறாகிவிட்டது. வயலிலிருந்து ஏறுவோர் காலெல்லாம் சேறு. காரின் உட்புறம் பாழாகிறதே என்று, நாமே ஒரு நெல் சாக்கை நான்காக மடித்து ஓட்டுநரின் காலடியில் விரித்து, அதன்மேல் புதிய ரப்பர் விரிப்பு ஒன்றையும் போட்டோம். தம்பி ஒருநாள் அச்சாக்கை எடுத்துப் பின்புறம் வைத்திருந்தார். சேறு படியட்டும் என்றுதான் எடுத்தாயா என்று கடிந்துகொண்டு, மீண்டும் விரிக்கச் செய்தோம். மறுவாரம் அவர், “ஐயா, கிளட்ச் அடிவரைக்கும் இறங்கவில்லை, கியர் விழ மறுக்கிறது” என்றார். நாம் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், பார்த்து ஓட்டு” என்றோம். இவ்விரு நிகழ்ச்சிகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். நாம் அன்று நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலை, மூச்சுத் திணறலால் துன்புற்ற நம் தாயாரை ஏற்றிக்கொண்டு தஞ்சை மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். தூறல் நிற்கவில்லை. காவிரியையும் குடமுருட்டியையும் வெட்டாற்றையும் ஒருவாறு கடந்துவிட்டோம். வெண்ணாற்றுப் பாலத்தின் முகப்பில் எதிரே பேருந்து வந்ததால் வண்டி நின்றது. பேருந்து சென்றபின் முதல் கியர் விழவில்லை. தம்பி கியர் கம்பியைத் தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. அவர் சட்டென்று எஞ்சினை நிறுத்தினார், கியரைப் போட்டார், அது எளிதாக விழுந்தது. கிளட்ச்சை மிதித்தபடியே மீண்டும் எஞ்சினைக் கிளப்பினார். வண்டி ஒரு குதி குதித்து முன்னே பாய்ந்தது. பின்னிருக்கையில் சாய்ந்திருந்த தாயாரின் தலை கதவில் இடித்துவிட்டது.

நமக்குச் சினம் பொங்கிற்று. ஊரார் நடுவே சொல்லத்தகாத சொற்களைச் சொன்னோம். “டிராக்டர் ஓட்டிய கை, கியர் பெட்டியை உடைத்துவிட்டாய்” என்றோம். தம்பி ஒன்றும் பேசவில்லை. தாயார்தாம், மூச்சு வாங்கிக்கொண்டே, “அந்தப் பிள்ளையை ஏனப்பா வைகிறாய்? அவன்தானே கொண்டு சேர்க்கிறான்” என்றார்.

தாயார் மூன்று நாளில் நலமாகி வீடு திரும்பினார். தம்பி அதற்கு மறுநாள் காலையில் வந்து, வண்டிச் சாவியைத் திண்ணையில் வைத்து, “வேறு வேலை கிடைத்திருக்கிறது ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு வேலை எதுவும் அப்போது அவருக்குக் கிடைத்திருக்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பிறகு நம் மைத்துனர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். அவர் கைக்கும் கியர் விழவில்லை. குறை ஓட்டுநரிடம் இல்லை என்று அப்போதாவது நாம் தெளிந்திருக்க வேண்டும். சினம் கொண்ட மனம் அவ்வளவு எளிதாகத் தெளிவதில்லை. ‘அவன் முன்பே கெடுத்துவிட்டான், அதனால்தான் இவருக்கும் விழவில்லை’ என்று நமக்கு நாமே காரணம் கற்பித்துக்கொண்டோம். பட்டறைக்காரர் ஒருவர் கியர் ஆயிலை மாற்றினால் சரியாகும் என்றார், மாற்றினோம், சரியாகவில்லை. மற்றொருவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வளையங்கள் தேய்ந்துவிட்டன, பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும், நான்கு நாளாகும் என்றார். அவர் கேட்ட தொகை நம் ஒரு மாத ஊதியத்துக்கு மேல். அதைக் கேட்டபோதும் தம்பியின் மீதே சினம் கூடிற்று.

பணம் திரட்டிக்கொண்டிருந்த நாள்களில், நண்பர் ஒருவர் தஞ்சையில் ஒரு வயது முதிர்ந்த மேஸ்திரியிடம் அழைத்துச் சென்றார். புளியமரத்தடியில் கீற்றுக்கொட்டகை, அதுதான் பட்டறை. மேஸ்திரி உடனே கருவியைக் கையில் எடுக்கவில்லை. முக்காலியில் அமர்ந்து கேள்விகள் கேட்டார். எல்லாக் கியரும் கடினமா, ஏதேனும் ஒன்று மட்டுமா? காலையில் மட்டுமா, நாள் முழுவதுமா? எஞ்சின் நின்றிருக்கும்போதும் கடினமா? மூன்றாம் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. வெண்ணாற்றுப் பாலத்தில் அந்த விடை நம் கண்ணெதிரே நிகழ்ந்திருந்தும், அது விடை என்று தோன்றவில்லை.

மேஸ்திரி வண்டியில் ஏறி அமர்ந்தார். எஞ்சினைக் கிளப்பாமலேயே முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் வரை ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் விழுந்தன. “பெட்டியும் கம்பியும் நன்றாக இருக்கின்றன சார்” என்றார். அடுத்து எஞ்சினைக் கிளப்பி, கிளட்ச்சை முழுதும் மிதித்து, ஐந்து எண்ணும் அளவு காத்திருந்து, ரிவர்ஸ் போட்டார். கரகரவென்று பல் உரசும் ஓசை கேட்டது. “கிளட்ச் முழுதாக விடவில்லை. குறை இங்கேதான்” என்றார். இரண்டு சோதனைக்கும் ஆன நேரம் இரண்டு நிமிடம்; செலவு ஏதுமில்லை.

பிறகு கதவருகே மண்டியிட்டு, மிதியைக் கையால் அழுத்தினார். மேலே இருந்த தளர்வை விரலால் அளந்தார். இருக்க வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. கிளட்ச் கேபிள் நாள்பட நீண்டிருந்தது. மிதியை அடிவரை அழுத்தியபோது அது தரையைத் தொடாமல் எதன்மீதோ மெத்தென்று நின்றது. ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் ஈரம் ஊறிக் கனத்துக் கிடந்தது நாம் மடித்துப் போட்ட நெல் சாக்கு.

அதை வெளியே எறிந்துவிட்டு, கேபிளின் மரையைச் சில சுற்று முறுக்கினார். எஞ்சினைக் கிளப்பி முதல் கியரைப் போட்டார். விழுந்தது. ரிவர்ஸ் போட்டார். ஓசையின்றி விழுந்தது. “கேபிள் தளர்ச்சி மட்டும் இருந்திருந்தால் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். சாக்கு மட்டும் இருந்திருந்தாலும் ஓடியிருக்கும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், இரண்டும் சேர்ந்து மிதியின் ஓட்டத்தைத் தின்றுவிட்டன” என்றார்.

நமக்குப் பேச்சு எழவில்லை. அதைக் கண்ட மேஸ்திரி, நாம் டெல்டாக்காரர் என்பதை அறிந்து, ஒரு கேள்வி கேட்டார். “சார், உங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? கல்லணைக்கா, உங்கள் வாய்மடைக்கா?”

காவிரிப் படுகையில் பிறந்த எவருக்கும் இதன் விடை தெரியும். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளையாறாகி, வாய்க்காலாகி, கன்னியாகி, வயலின் வாய்மடைக்கு வந்து சேர்கிறது. வயல் காய்ந்தால் உழவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தம் வாய்மடையிலிருந்து மேல்நோக்கி நடப்பார். நண்டு வளை இருக்கும், வைக்கோல் அடைத்திருக்கும், ஆகாயத்தாமரை மண்டியிருக்கும். அவற்றையெல்லாம் பார்த்த பிறகே மேல்மடைக்காரரிடம் கேட்பார். வீட்டிலிருந்தபடியே மேல்மடைக்காரர்மேல் பழி சொல்பவருக்கு ஊரில் மதிப்பில்லை. இம்முறைமை நம் குருதியில் ஊறியது. இருந்தும் நாம் வாய்மடையைப் பாராமல், மேல்மடையில் இருந்த ஓர் ஏழை இளைஞர்மீது பழி சுமத்தினோம். வாய்மடையை அடைத்தவரும் நாமே.

அன்று மேஸ்திரி கியரின் இயல்பை விளக்கியது மாணவர்க்கும் பயன்படும் என்பதால் சுருங்கச் சொல்கின்றோம். எஞ்சின் ஓயாது சுழல்கிறது. அச்சுழற்சியைக் கியர் பெட்டியோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்சின் வேலை. மிதியை முழுதும் மிதித்தால் கிளட்ச் தட்டின் மேலிருந்த அழுத்தம் நீங்கி, அது எஞ்சினின் ஃப்ளைவீலை விட்டு மிகச் சிறிதளவே விலகும், அவ்விலகலே போதும். மிதி பாதியில் நின்றுவிட்டால் தட்டு உரசிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் செல்லும் தண்டும் சுழன்றுகொண்டே இருக்கும்.

பெட்டிக்குள் ஒவ்வொரு கியருக்கும் அருகில் பெரும்பாலும் பித்தளையால் ஆன வளையம் ஒன்று உண்டு. வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்கள் நேரே மோதினால் சிதைந்துவிடும். ஆதலால் அவ்வளையம் கூம்பு வடிவப் பரப்பில் உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது; ஒன்றாகும் வரை வழிவிடாமல் தடுத்து நிற்கிறது. ‘சிங்க்ரோமெஷ்’ எனப்படும் இவ்வேற்பாடு 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. அதற்கு முன் ஓட்டுநர்கள் ஒரு கியரிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கிளட்ச்சை இருமுறை மிதித்துத் தாமே வேகத்தைச் சமன் செய்தார்கள். இவ்வசதி இல்லாத கனரக வண்டிகள் நெடுங்காலம் நம் சாலைகளில் ஓடின. பேருந்து ஓட்டுநர் இருமுறை மிதித்து மாற்றும் ஓசை மூத்தோர் பலருக்கு நினைவிருக்கலாம். கார்களிலும் ரிவர்ஸ் கியருக்கு இவ்வளையம் பெரும்பாலும் இராது. ஆகவேதான் மேஸ்திரி ரிவர்ஸைக்கொண்டு சோதித்தார்; மறைக்க வளையம் இல்லாத இடத்தில் உண்மை ஓசையாக வெளிவந்துவிடும்.

ஆக, கியர் கடினமாவது பல நேரங்களில் பெட்டி செய்யும் குற்றமன்று. பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. கிளட்ச் விடாதபோது வளையம் வேகத்தைச் சமன் செய்ய இயலாமல், ‘இப்போது வராதே’ எனத் தடுக்கிறது. நாம் அதை வலிமையால் வென்றுவிட எண்ணித் தள்ளுகிறோம். அப்படித் தள்ளத் தள்ளத்தான் வளையம் உண்மையாகவே தேய்கிறது.

குறை எப்போதும் இவ்வாறே இருக்கும் என்பதுமில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போதும் எல்லாக் கியரும் கடினமானால், கியர் கம்பியின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். அடியில் சேறு காய்ந்து இறுகியிருக்கலாம், மூட்டுகளில் மசகு வற்றியிருக்கலாம். ஒரு கியர் மட்டும் முரண்டினால் அதன் வளையத்தையோ, அதை நகர்த்தும் கவையையோ ஐயுறலாம். காலையில் கடினமாகி, ஓடிச் சூடானபின் இளகினால் எண்ணெய் தடிப்பாக இருக்கலாம். எண்ணெயிலும் வகை உண்டு: ஜி.எல்.-4 வகை கேட்கும் பெட்டியில் ஜி.எல்.-5 ஊற்றினால், வளையத்தின் பிடிப்புக் குறையலாம். சில எண்ணெய்களிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளைக்குக் கேடு செய்யவும் கூடும். கேபிள் இல்லாமல் திரவத்தால் இயங்கும் கிளட்ச்சில், மிதியை இரண்டு மூன்று முறை அழுத்தியபின் கியர் எளிதாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது சிலிண்டரின் உள்வளையம் தேய்ந்து திரவம் கசியலாம். மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் துருவினால் தட்டே ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவை அனைத்தையும் பார்த்த பிறகே பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. விலையில்லாத சோதனை முதலில். விலை மிகுந்த சோதனை கடைசியில்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயைக் கண்டால் போதாது, அது தோன்றிய காரணத்தையும் ஆராய வேண்டும் என்றார். அதிகாரத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவர் நாம். பரிமேலழகர் உரையோடு நடத்தினோம். நம் காலடியில் கிடந்த சாக்கை மட்டும் பார்க்கவில்லை.

அன்று மாலையே தம்பியின் வீட்டுக்குச் சென்றோம். அவர் வயலில் இருப்பதாக அவர் அன்னையார் சொன்னார். வரப்பில் நடந்து சென்றோம். அண்டை வெட்டிக்கொண்டிருந்தவர் நம்மைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். வரும் வழியெல்லாம் நாம் ஆயத்தம் செய்து வந்த சொற்கள் மறந்துபோயின. “தம்பி, சாக்குதான்” என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்தார். “அன்றே சொன்னேன் ஐயா” என்றார். சினமில்லை, ஏளனமும் இல்லை. பிறகு, “அம்மா எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

மீண்டும் வேலைக்கு வருமாறு அழைத்தோம். ஊதியத்தைக் கூட்டித் தருவதாகவும் சொன்னோம். “இருக்கட்டும் ஐயா. வண்டி சரியாகிவிட்டதே, அது போதும்” என்றார். வரவில்லை. பின்னர் லாரி ஓட்டக் கற்று வெளியூர் சென்றுவிட்டார். நம் தாயார் மறைந்தபோது செய்தி கேட்டு வந்து, தெருமுனையில் நின்று, தூக்குவதற்குத் தோள் கொடுத்துவிட்டுப் போனார். பாலத்தில் நாம் சொன்ன சொற்களை நாற்பது பேர் கேட்டிருப்பர். வரப்பில் நாம் கேட்ட மன்னிப்பைக் கேட்டவர் அவர் ஒருவரே. இக்கணக்கு இன்னும் நேராகவில்லை. இம்மலரில் இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்குப் பின் வகுப்பில் ஒரு மாணவர் வாய் திறவாதிருந்தால், ‘இவருக்குப் பாடம் ஏறாது’ என்று முடிவு கட்டுவதை நிறுத்திக்கொண்டோம். எஞ்சினை நிறுத்திப் பார்ப்பது போல, வகுப்பு முடிந்தபின் மரநிழலில் தனியே பேசிப் பார்ப்போம். பல மாணவர்கள் அங்கே எளிதாகப் பேசினார்கள். வகுப்பில் பேசாதவர் மரத்தடியில் பேசினால் குறை அவருள் இல்லை. வகுப்பில் அவரைத் தடுப்பது எது என்று தேட வேண்டும். ஒருவருக்குப் பேருந்துக் கட்டணக் கவலை. மற்றொருவருக்குக் கண்ணாடி தேவை. ஒரு மாணவர் விடை சொல்லாததற்குக் காரணம், முதல் வாரத்தில் அவர் உச்சரிப்பை நாம் திருத்தியபோது வகுப்பு சிரித்ததே ஆகும். அச்சாக்கையும் நாமே விரித்திருந்தோம்.

இன்று காலம் மாறிவிட்டது. நம் சாலைகளில் பல்லாண்டு ஓடிய அம்பாசிடர் கார் 2014இல் தயாரிப்பு நின்றுபோனது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டிகளும், கிளட்ச்சே இல்லாத மின்சார வண்டிகளும் வந்துவிட்டன. இம்மலரைப் படிக்கும் இளைஞர்களில் சிலர் கிளட்ச்சை மிதிக்கும் தேவையின்றியே வாழ்நாளைக் கழிக்கக்கூடும். ஆயினும் ஏதோ ஒன்று நம் கைக்கு வசப்படாமல் முரண்டும் நாள் அவர்களுக்கும் வரும். அன்று அருகில் ஒருவர் நின்று, “அடிவரைக்கும் இறங்கவில்லை” என்று சொல்லக்கூடும். அவர் படிக்காதவராக இருக்கலாம். நம்மிடம் ஊதியம் பெறுபவராக இருக்கலாம். வண்டியை நாள்தோறும் மிதிப்பது அவர் கால்தான். செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து சென்று, விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.